பத்துச் சுற்று

எதிர்வீட்டுப் பைப்புக்காரர் வண்டியில் எஞ்சினை ஆற்றுகிற விசிறி ஓயாமல் ஓட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சாவியைத் திருப்பினாரோ இல்லையோ, எஞ்சினுக்கு முன்னால் அது கிளம்பிவிடும். சாயங்காலம் வந்து வண்டியை அணைத்த பிறகும் பத்து நிமிஷம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அது அடங்கிய பிறகுதான் எங்கள் தெருவில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கும்.

"ராத்திரி பூரா நின்ன வண்டி, ஜில்லுன்னு கெடக்கு. அதுக்கு எதுக்குங்க காத்து?" என்று ஒரு நாள் நானே பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"சூடா இருக்கமா, குளிர்ந்திருக்கமான்னு வண்டிக்கே தெரியலம்மா. அதான் எதுக்கும் இருக்கட்டும்னு ஓட்டுது" என்றார் பைப்புக்காரர். அவர் நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்குக் கூலி கேட்கிற ஆள். எட்டிப் பார்த்தேன். சூடு காட்டுகிற மீட்டரில் முள் அடிக்கோட்டில் படுத்தது படுத்தபடி கிடந்தது.

புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்குக் குழாய் இழுப்பது அவருடைய தொழில். வண்டியின் பின்னால் நீளநீளமாகக் குழாய்களைக் கட்டிக்கொண்டு, முனையில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு காலையில் போவார். வண்டி நின்றால் வேலை நின்றது. இருபது வருஷமாக அவர் மாட்டிய குழாய் ஒன்றுகூட ஒழுகியதில்லை என்று பெயர். அதில் மட்டும் ஆளுக்குக் கர்வம் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூடத் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் குழாயடியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் சம்சாரம் தையல்காரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளுவாள். அவளுக்கு வாய் உண்டு. புருஷன் பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் இவள் பேசிச் செலவழித்துவிடுவாள். மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். அதனால் பேச வேறு ஆள் இல்லாமல் அவள் என்னிடம் வருவாள். எனக்கும் கதை கேட்கக் கசக்காது. இதில் பாதி நான் பார்த்தது, பாதி அவள் சொன்னது.

வண்டியை அவர் முதலில் காட்டியது கரண்டம்மாவிடம். பெட்ரோல் பங்கைத் தாண்டி வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற கடை வைத்திருப்பவள். பேண்ட், ஆம்பிளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. நிமிர்ந்து நின்று பேசுகிற அழகு.

அவள் முறையாகத்தான் பார்த்திருக்கிறாள். விசிறிக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைக் கழற்றி வேறு மாட்டினாள், விசிறி நிற்கவில்லை. சூடு பார்ப்பதற்கு எஞ்சினில் திருகியிருக்கிற சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கி வண்டி உடம்பில் தொட்டுப் பார்த்தாள், முள் சட்டென்று மேலே எழுந்தது. மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது, சென்சார்தான் செத்துவிட்டது என்று புதுசு மாட்டி அனுப்பினாள். விசிறி அடங்கியது. முள் எழுந்து நடுவில் நின்றது. தெரு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் விசிறி மறுபடி கிளம்பியது, முள் மறுபடி படுத்தது. அவர் மறுபடி அங்கே போனார். அவள் சரிசெய்தாள். இரண்டு நாள் ஓடியது. மறுபடி போனார். இப்படியே நாலு தடவை.

"அக்கா, நாலு தடவை" என்று தையல்காரி விரலை மடக்கிக் காட்டினாள். கையில் பாதி தைத்த சட்டைக் காலர். "ஒரு பல்வலிக்கு நாலு தடவை போவாரா இவரு? எனக்கு ஜுரம்னா ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக மூணு நாள் ஆகும்."

"வண்டி சரியாகலன்னா போய்த்தானே ஆகணும்?"

"போகட்டும். வந்து வாய மூடிட்டு இருக்கணுமில்ல? சோத்துல கை வைக்கும்போதே ஆரம்பிச்சுடறாரு. 'எர்த்து சரியில்லன்னு கரண்டம்மா சொல்றாங்க.' 'பேட்டரிய மாத்தணும்னு கரண்டம்மா சொல்றாங்க.' சொல்றாங்களாம், சொல்றாங்க! பதினெட்டு வருஷமா நான் சொல்றதெல்லாம் இவருக்குச் சத்தம், அவ சொன்னா சேதி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"கைய மோந்து பாத்தேன்க்கா. ஆரஞ்சுப் பழ வாசனை. எங்க வீட்ல இருக்கறது வேப்பெண்ணெய் சோப்பு. வேலைக்குப் போற மனுஷன் கையில ஆரஞ்சுப் பழம் எங்கேர்ந்து வந்துச்சு?"

'எங்கேயாவது பழம் தின்றிருப்பார்' என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற அவளுடைய நாத்தனார் ஒருத்தி அடுத்த தெருவில் இருந்தாள். சாயங்காலம் டீ குடிக்க வருவாள். வந்தால் டீயோடு போகமாட்டாள்.

"எங்கண்ணன் நல்லவருதான் அண்ணி. நான் அவரைச் சொல்லல" என்று ஆரம்பித்தாள். "ஆனா அந்தக் கடைப் பக்கம் நேத்து போனேன். பட்டப்பகல்ல பெஞ்சுல காலை நீட்டிட்டு இருக்காரு. சொந்த வீடு மாதிரி. அவ பக்கத்துல நின்னு என்னமோ சொல்லிச் சிரிக்கறா."

"அவரும் சிரிச்சாரா?"

"அது தெரியல. மூஞ்சி மேல துண்டு கெடந்துச்சு."

மூஞ்சி மேல் துண்டு கிடந்த மனுஷன் என்ன சல்லாபம் பேசியிருக்க முடியும் என்று யாராவது யோசித்திருக்கலாம். பொறாமைக்குக் கண் பெரிசு, காது பெரிசு, யோசனைதான் கிடையாது. அன்றைக்கு தையல்காரி தைத்த சட்டைக் கைகளெல்லாம் இடதுக்கு வலது மாறிப்போய், மறுநாள் முழுக்கப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. தகரக் கூரைகள் மத்தியானத்தில் தானாக டப்டப்பென்று வெடித்தன. நாலாவது தடவை சரிசெய்துகொண்டு வந்த வண்டி வாசலில் சத்தமில்லாமல் நின்றது. மறுநாள் விடியும் நேரம் அவள் பால் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தாள். பானெட் திறந்திருந்தது. அவர் உள்ளே குனிந்து கையில் ஸ்பேனரோடு எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கை அசைந்தது, திருகினார், பானெட்டை மெதுவாகச் சாத்தினார். திருடன் கதவைச் சாத்துகிற மாதிரி மெதுவாக.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. டைட் பண்ணேன்."

மறுநாள் சாயங்காலம் விசிறி போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது.

அவள் ஓடிவந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "அவரேதான்க்கா கெடுக்கறாரு. நல்லா ஓடற வண்டிய அவரே கழட்டிக் கெடுத்துட்டு அவகிட்ட கொண்டு போறாரு. என் கண்ணால பாத்தேன்."

நானும் உத்தமி இல்லை. கேட்டதும் நம்பிவிட்டேன். பைப்புக்காரர்மேல் எனக்கே கோபம் வந்தது. ஊமைக் கோட்டான் என்று மனசுக்குள் திட்டினேன்.

"நாளைக்கு மட்டும் வண்டி அந்தக் கடைக்குப் போகட்டும்" என்றாள். "நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். பையில துணி எடுத்து வச்சுட்டேன்."

வெறும் பேச்சு இல்லை. தையல் மெஷினுக்கு அடியில், கால் மிதிக்குப் பக்கத்தில், ஜிப்பு போட்ட நீலப் பை உட்கார்ந்திருந்தது.

காலையில் அவர் சாவியை எடுத்ததும் எதிர்வீட்டில் நடந்த பேச்சு என் வீட்டுக் கூடம்வரை கேட்டது.

"எங்க?"

"வண்டி. ஃபேனு மறுபடி ஓடுது."

"இந்த ஊர்ல வேற கடையே கெடையாதா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"அந்த வண்டியப் பத்திக் கரண்டம்மாவுக்குத்தான் தெரியும்."

"எனக்கு உங்களப் பத்தித் தெரியும்!"

அவருக்கு விளங்கவில்லை. "சரி, வெயிலுக்கு முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். விசிறிச் சத்தம் தெருமுனைவரை போய்த் தேய்ந்தது.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூட்டினாள். என்னைப் பார்த்தாள். "போறதுக்கு முன்னால அவ மூஞ்சியில நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான்க்கா போவேன்" என்றாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் பெட்ரோல் பங்க் பக்கம் நடந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம்.

கடையில் வண்டி நின்றது. அவர் இல்லை. வண்டியை விட்டுவிட்டு மேஸ்திரி பைக்கில் ஏறி வேலைக்குப் போய்விட்டாராம். பானெட்டுக்குள் கரண்டம்மா மட்டும் குனிந்திருந்தாள். இவள் பையை அந்தப் பெஞ்சில் தொப்பென்று வைத்தாள்.

"யாரு வேணும்?"

"இந்த வண்டிக்காரரோட சம்சாரம்."

"அட, வாங்க வாங்க" என்று கரண்டம்மா நிமிர்ந்தாள். பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்து எண்ணெய்ப் பிசுக்கு போக்குகிற மஞ்சள் களிம்பை எடுத்துக் கைகளில் தேய்த்துக் கழுவினாள். ஆரஞ்சுப் பழ வாசனை கடை முழுக்க அடித்தது. இவள் அந்த டப்பாவையே பார்த்தாள். பக்கத்து லாரிக்காரன் ஒருவன் வந்து, கேட்காமலே அதில் விரலை விட்டு எடுத்துத் தேய்த்துக்கொண்டு போனான்.

யோசித்து வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்று அங்கேயே உதிர்ந்தது.

"எங்க வீட்டுக்காரர் இங்க வந்து என்ன பேசுவாரு?"

"அவரா? பேசுவாரா?" கரண்டம்மா சிரித்தாள். "அந்தப் பெஞ்சுல படுத்துத் துண்ட மூஞ்சியில போட்டாருன்னா வண்டி முடியற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு. கொறட்டையில என் ரேடியோ கேக்காது. ஏங்க, வீட்ல தூங்க விடமாட்டீங்களா?"

இரண்டாவது வார்த்தையும் போயிற்று. ஆனால் எரிச்சல் போகவில்லை. குறட்டைச் சத்தம்வரை அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அது வேறு பக்கம் பற்றிக்கொண்டது.

கரண்டம்மா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு என்னை விட்டுட்டு வேற ஒர்க் ஷாப்புக்குப் போறாரா?"

"என்னது?"

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் சரிபண்ணி அனுப்பறேன். அவரு நேரா எதிர்ப்பக்கக் கடைக்காரன்கிட்ட போய்க் காட்டறாரு. அவன் கைய வைக்கறான். மறுபடி கெட்டுப்போயி என்கிட்ட வருது. நானும் வாய் தொறந்து கேக்கல. நம்ம வேலை மேல நம்பிக்கை இல்லாதவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது? ஆனா பத்திக்கிட்டு வருதுங்க. இதப் பாருங்க."

பானெட் ஓரத்தில் வைத்திருந்த சென்சாரை எடுத்து நீட்டினாள். கட்டைவிரல் அளவு. அதன் திருகு மறை முழுக்க வெள்ளை டேப் சுற்றியிருந்தது.

"இதுக்கு ஒயர் ஒண்ணுதான். கரண்டு வர்றது ஒயர்ல, திரும்பிப் போறது இந்த மறை வழியா. இரும்போட இரும்பு ஒட்டினாத்தான் சூடு எவ்ளோன்னு வண்டிக்குத் தெரியும். இப்படிப் பச்சப் புள்ளைக்குத் துணி சுத்தின மாதிரி சுத்தி வச்சா எப்படித் தெரியும்? போட்ட அன்னிக்கு எங்கயாவது ஒரு ஓரத்துல டேப்பு கிழிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும். சூட்டுல இளகினதும் விட்டுப்போகும். முள்ளு படுத்துடும். சூடு தெரியலன்னதும் ஃபேனு ஓட ஆரம்பிச்சுடும். மூணு தடவை பிரிச்சு எறிஞ்சுட்டேன். எந்தத் தேறாத பய இதச் சுத்தறான்னு தெரியல."

இவளுக்குத் தெரிந்தது.

டேப்பின் கடைசி முனையை மடித்து நகத்தால் உள்ளே அழுத்தியிருந்தது. அவள் வீட்டுச் சமையலறைக் குழாயிலும் குளியலறைக் குழாயிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் அதே மடிப்பு, அதே நகக்குறி. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற கை. விடியற்காலையில் பார்த்த முதுகுக்கு இப்போது முன்பக்கமும் தெரிந்தது.

"இதுல தண்ணி கசிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"கசிவா? என்கிட்ட யாரும் சொல்லலையே." கரண்டம்மா டார்ச் அடித்துச் சென்சார் மாட்டுகிற ஓட்டையைப் பார்த்தாள். விரலால் தடவினாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அட ஆமா. பழைய வாஷரையே போட்டுட்டேன். நசுங்கிப் போயிருக்கு. சொட்டு சொட்டா வந்து சூட்டுல காஞ்சிடும், நமக்குக் கண்ணுல படாது. எவன் கண்ணுல பட்டிருக்கு பாருங்க!"

"ஒழுகினா அவருக்குத் தாங்காதுங்க" என்றாள் இவள். "அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் கை கழுவற குழாய டைட் பண்ணிட்டுத்தான் சாப்பிடுவாரு."

அப்புறம்தான் கரண்டம்மாவுக்குப் புரிந்தது. சிரித்தாள், சாதாரணச் சிரிப்பு இல்லை. வண்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்ப எதிர்க்கடைக்காரன் இல்லையா? அந்தப் பாவிய ஒரு மாசமா மொறச்சுக்கிட்டிருக்கேனே!"

இவளும் சிரிக்கத்தான் செய்தாள். பாரம் இறங்கியது. ஆனால் கரண்டம்மா சிரித்து முடிக்காமல் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள். என் புருஷனைப் பார்த்து அவள் எதற்கு இவ்வளவு சிரிக்கிறாள் என்று இவளுக்குச் சுருக்கென்றது.

கரண்டம்மா புதுச் செம்பு வாஷர் ஒன்றை எடுத்தாள். மறையைச் சுத்தமாகத் துடைத்தாள்.

"நான் மாட்டிப் பாக்கட்டுமா?" என்று இவள் கேட்டாள்.

"நீங்களா?" என்று பார்த்தவள் ஸ்பேனரை நீட்டினாள். "எஞ்சின் ஆறியிருக்கணும். அது முக்கியம், இல்லன்னா கை வெந்துடும். ஓட்டையக் கட்டைவெரலால அடச்சுக்கங்க. வெரல எடுத்ததும் இத வச்சுடணும். முதல்ல கையாலயே திருகுங்க. ம்ம். தைக்கிற கையா? அதான் பிசகாமப் போகுது."

சாவியைத் திருப்பினாள். விசிறி ஓடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முள் எழுந்தது.

"நான் வந்தேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க."

"சொல்லல. ஆனா டேப்பு சுத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தாள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்னாகும்? 'டேப்பு கூடாதுன்னு கரண்டம்மா சொல்றாங்க'ன்னு வருஷம் பூரா சோத்துக்கு முன்னால பாடுவாரு. நன்றி சொல்றேன்னு வேற ஒரு நடை போவாரு. வேணாம்க்கா. இத நானே பாத்துக்கறேன்."

மறுநாள் விடியற்காலை அவர் வழக்கம்போல் பானெட்டைத் திறந்தார். இப்போது ஒரு சொட்டும் கசியவில்லை. ஆனாலும் டேப் இல்லாத மறையை விட்டுவிட்டுப் போக அவர் கைக்கு மனசு வரவில்லை. கழற்றினார், சுற்றினார், மாட்டினார், குளிக்கப் போனார். அவர் தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டதும் இவள் இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரோடு வந்தாள். சென்சாரைக் கழற்றிக் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தாள். டேப்பை உரித்தாள். திருகினாள். எதிர்வீட்டு ஜன்னலில் நின்று நான் தெருவுக்குக் காவல் இருந்தேன்.

விசிறி அடங்கியது, அடங்கியதுதான். ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் ஆயிற்று. முள் நடுவில் நின்றது. நீலப் பை பரணுக்குப் போனது. பைப்புக்காரருக்கு என்றும் இல்லாத பேச்சு வந்தது.

"மொதல்ல நான் அஞ்சு சுத்துதான் சுத்தினேன்" என்றார், தட்டின் முன்னால் உட்கார்ந்து. "பத்தலை. இப்ப பத்துச் சுத்து. பாரு, எப்படி நின்னுச்சு. கரண்டம்மாவால முடியாதது."

"ஆமா" என்றாள் அவள். அந்தக் கடைசி வாக்கியம் தேனாக இனித்ததாம்.

பதினோராம் நாள் காலை அவர் தேய்த்து வைத்திருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டார். எண்ணெய் தடவித் தலை வாரினார். சட்டைப் பையில் டேப் சுருள் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

"வேலைக்கு இந்தச் சட்டையா?"

"போற வழியில கரண்டம்மாகிட்ட காட்டிட்டுப் போறேன். பாவம், நல்லாத்தான் வேலை செய்யுது அந்தப் புள்ள. ஆனா இந்த நுணுக்கம் தெரியல. பத்துச் சுத்து சுத்தணும்னு சொல்லிக்குடுத்துட்டு வரேன்."

வண்டியில் ஏறி அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது, விசிறி ஓடவில்லை. நான் ஜன்னலில் நின்றேன். கரண்டம்மா எப்படிச் சிரிப்பாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் உள்ளே ஓடினாள். பட்டன் டப்பாவோடு ஓடிவந்தாள். டப்பாவிலிருந்து எதையோ எடுத்து, ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் மடியில் போட்டாள். வெள்ளை டேப். திருகாணிபோல் சுருண்டு, பத்துச் சுற்று அப்படியே இருந்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். முனையில் தன்னுடைய நகக்குறியைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

"இது எப்படி வெளிய வந்துச்சு?"

"நான்தான் கழட்டினேன். நீங்க குளிக்கப் போனப்போ. அது டேப்பு சுத்தறதுனாலதான் கெட்டுச்சு. நாலு தடவையும் நீங்க சுத்தித்தான் கெட்டுச்சு."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவதான். நான் போய்க் கேட்டேன். பைய எடுத்துக்கிட்டுப் போனேன், அண்ணன் வீட்டுக்குப் போறதுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

"எதுக்கா?" அவளுக்கு அழுகை முட்டியது. தெரு பார்க்கிறதே என்று பார்க்கவில்லை. "நீங்க அங்க போறது எனக்குப் பிடிக்கல. அவ பேரு உங்க வாயில வர்றது பிடிக்கல. எரிஞ்சேன். ஒரு மாசமா எரிஞ்சேன். போதுமா?"

"அப்ப அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமில்ல? எதுக்கு இப்ப சொல்ற?"

"இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி அவ முன்னால நின்னு பத்துச் சுத்துன்னு சொல்வீங்க. அவ சிரிப்பா. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பா, எனக்குத் தெரியும். உங்களப் பாத்துச் சிரிக்கணும்னா அதுக்கு நான் இருக்கேன். அவ யாரு?"

அவர் இறங்கினார். பானெட்டைத் திறந்து, டேப் இல்லாத அந்த மறையைச் சுற்றி ஆள்காட்டி விரலால் ஒரு தடவை வழித்தார். விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காய்ந்திருந்தது. மறுபடி வழித்துப் பார்த்தார்.

"ஒழுகலையே" என்றார்.

"நான் மாட்டினது" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்த டேப் சுருளை எடுத்து அவள் பட்டன் டப்பாவில் போட்டார்.

"சட்டைய மாத்திட்டு வாங்க" என்றாள் அவள். "வேலைக்கு நேரமாச்சு."

அவர் வாசற்படி ஏறி உள்ளே போன பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. டப்பாவை வண்டி மேல் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரண்டம்மா சிரித்ததைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சிரித்தாள்.